ரஷ்ய நாட்டுப்புறக் கதைகள்: புதிதாகப் படிப்பவர்களுக்கு

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள், கதை முடிந்ததும் 'நீதி' என்று ஒரு வரி வரும் என்று காத்திருக்கிறார்கள். வராது. சோம்பேறிக்கு அரண்மனை கிடைக்கிறது. ஏமாற்றிய நரி பத்திரமாகப் போய்ச் சேர்கிறது. சொன்ன பேச்சைக் கேட்காத இளவரசன் கடைசியில் அரசியோடும் குதிரையோடும் வீடு திரும்புகிறான். 'இதில் பிள்ளைகளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது?' என்று புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறவர்கள் நிறைய.

அந்தக் கதைகளில் நீதி கதையின் நடுவே ஒளிந்திருக்கும். பசியில் வாடும்போது நாயகன் என்ன செய்தான், காட்டுக் கிழவியிடம் எப்படிப் பேசினான், கிரீச்சிடும் கதவுக்கு யார் எண்ணெய் விட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் அது அகப்படும். எங்கே தொடங்கலாம், எதைக் கவனிக்கலாம், எங்கே நின்று யோசிக்கலாம் என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதலில், எந்த வகைக் கதை என்று பாருங்கள்

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: விலங்குக் கதை, மாயக் கதை, அன்றாட வாழ்க்கைக் கதை. ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறது. ஒரே கேள்வியை மூன்றிடமும் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

விலங்குக் கதையில் நல்லவனா கெட்டவனா என்பதைவிட, விவரமானவனா ஏமாளியா என்பதே முக்கியம். நரியும் ஓநாயும் வரும் கதை ஒன்று போதும். செத்ததுபோல் சாலையில் கிடக்கும் நரியைக் கிழவர் ஒருவர் மீன் ஏற்றிய பனிச்சறுக்கு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொள்கிறார். அது மீன்களை ஒவ்வொன்றாக வெளியே எறிந்துவிட்டுத் தானும் குதித்து ஓடுகிறது. 'எனக்கும் மீன் வேண்டும்' என்று வந்த ஓநாயிடம், உறைந்த ஆற்றில் இருக்கும் துளைக்குள் வாலை விட்டுக்கொண்டு உட்காரச் சொல்கிறது. வால் உறைந்து மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் ஓநாயை அடித்து நொறுக்குகிறார்கள். வாலை இழந்து ஓடிவந்த ஓநாயின் முதுகிலேயே நரி ஏறிக்கொள்கிறது. தலையில் பூசிக்கொண்ட மாவைக் காட்டி, தன் மூளையே வெளியே வந்துவிட்டதாகச் சொல்லி இரக்கம் சம்பாதிக்கிறது. போகிற வழியில் முணுமுணுக்கிறது: 'அடிபட்டவன் அடிபடாதவளைச் சுமக்கிறான்.' இந்த வரி ரஷ்ய மொழியில் பழமொழியாகவே ஆகிவிட்டது. நரிக்குத் தண்டனை இல்லையே என்று தேட வேண்டாம். கேட்பவரை எச்சரிக்கத்தான் இந்தக் கதை: உன்னை அடிபட விட்டவனே உன் முதுகில் ஏறி வருவான், பார்த்துக்கொள்.

அன்றாடக் கதைகளில் பண்ணையார், பாதிரியார், நீதிபதி, ஊர் திரும்பும் சிப்பாய், ஏழை விவசாயி ஆகியோர் வருவார்கள். மாயம் பெரிதாக இருக்காது. நியாயம் கிடைக்காத உலகில் ஏழை எப்படித் தப்பிக்கிறான் என்பதே விஷயம். ஷெமியாகா என்ற நீதிபதியின் கதையைப் படியுங்கள். ஏழை ஒருவன் மேல் வரிசையாக வழக்குகள். விசாரணையின்போது அவன் துணியில் சுற்றிய கல்லை நீதிபதிக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறான். அது லஞ்சப் பணம் என்று நினைத்து நீதிபதி எல்லா வழக்கிலும் அவனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்கிறார். பிறகு ஆளனுப்பிப் பணத்தைக் கேட்டால், 'தீர்ப்பு எனக்கு எதிராகப் போயிருந்தால் இந்தக் கல்லால் அடித்திருப்பேன்' என்கிறான். தன் உயிர் பிழைத்ததற்காக நீதிபதி கடவுளுக்கு நன்றி சொல்கிறார்! அந்தக் காலத்து நீதிமன்றங்களைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒழுக்கம் பற்றிய ஆழமான பேச்சு நடப்பது மாயக் கதைகளில்தான். இனி வருவதில் பெரும்பகுதி அவற்றைப் பற்றியது.

சின்னதிலிருந்து பெரியதற்குப் போங்கள்

எடுத்தவுடன் நீண்ட மாயக் கதையில் இறங்கினால் பெயர்களே திணறடிக்கும். 'கொலபோக்' என்ற உருண்டை ரொட்டியின் கதையில் தொடங்குங்கள். முயல், ஓநாய், கரடி மூவரிடமும் பாட்டுப் பாடித் தப்பிய ரொட்டி, பாட்டைப் புகழ்ந்த நரியின் வாய்க்குள் போகும் கதை அது. அடுத்து டர்னிப் கிழங்குக் கதை. அப்புறம் மேலே சொன்ன நரியும் ஓநாயும். பிறகு 'மரோஸ்கோ', 'வசிலீசா', 'தவளை இளவரசி', 'இளவரசன் இவானும் தீப்பறவையும் சாம்பல்நிற ஓநாயும்' என்று போகலாம். 'மரியா மொரேவ்னா'வைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் திருப்பங்களை ரசிக்க மற்றவற்றின் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது முறை என்ன மாறுகிறது?

மூன்று மகன்கள், மூன்று இரவுகள், மூன்று வேலைகள். எல்லாம் மும்முறை நடக்கும். புதிதாகப் படிப்பவர்கள் 'திரும்பத் திரும்ப ஒன்றேதானே' என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். முதல் இரண்டு முறைக்கும் மூன்றாவது முறைக்கும் உள்ள வேறுபாட்டில்தான் கதையின் தீர்ப்பு இருக்கும்.

'சிவ்கா-பூர்கா' கதையில் சாகும் தறுவாயில் இருக்கும் அப்பா, தன் கல்லறையில் ஆளுக்கொரு இரவு காவலிருக்கும்படி மூன்று மகன்களிடம் கேட்கிறார். மூத்தவன் தன் முறை வந்ததும் கடைக்குட்டி இவானை அனுப்பிவிடுகிறான். இரண்டாமவனும் அப்படியே. மூன்றாவது இரவு இவானின் சொந்த முறை. ஆக, மூன்று இரவும் போனவன் ஊரார் முட்டாள் என்று அழைக்கும் அந்த ஒருவன்தான். அப்பா எழுந்து வந்து அவனுக்கு மாயக் குதிரையைத் தருகிறார். இவான் வீரனாகவோ புத்திசாலியாகவோ இருந்ததற்காகக் கிடைத்த பரிசு அல்ல அது. செத்தவருக்குக் கொடுத்த வாக்கை யார் கேட்கப் போகிறார்கள்? யாரும் கேட்காதபோதும் காப்பாற்றினான். ரஷ்யக் கதைகளில் 'முட்டாள் இவான்' ஜெயிக்கும் இடங்களை எல்லாம் இப்படிப் பாருங்கள். லாபக் கணக்குப் போடத் தெரியாததைத்தான் பெரும்பாலும் ஊர் முட்டாள்தனம் என்கிறது.

தடையை மீறிய பிறகு என்ன நடக்கிறது?

விளதீமிர் பிராப் (1895–1970) என்ற அறிஞர் மாயக் கதைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்து 1928-இல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்ட கதைச் செயல்கள் மொத்தம் 31. கதைக்குக் கதை ஆட்கள் மாறலாம், இந்தச் செயல்களின் வரிசை மாறுவதில்லை என்றார். அந்த வரிசையின் தொடக்கத்திலேயே 'தடை', 'தடையை மீறுதல்' என்ற இரண்டும் வருகின்றன. ஒருவன் சொன்னதைக் கேட்டிருந்தால் கதையே நடந்திருக்காது. எனவே 'பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும்' என்பதுதான் பாடம் என்று சட்டென முடிவுகட்டிவிட முடியாது.

தீப்பறவைக் கதையில் இவானுக்குத் துணைவரும் ஓநாய் தெளிவாகச் சொல்கிறது: பறவையை எடு, கூண்டைத் தொடாதே. இவான் கூண்டைத் தொடுகிறான், பிடிபடுகிறான். அடுத்து: குதிரையை எடு, கடிவாளத்தைத் தொடாதே. அதையும் தொடுகிறான். ஓநாய் திட்டுகிறது, ஆனால் விட்டுவிட்டுப் போவதில்லை.

தவளை இளவரசியில் இது இன்னும் கனமாக இருக்கிறது. மனைவி இரவில் மட்டும் பெண்ணாக மாறுகிறாள் என்று தெரிந்ததும் இவான் அவசரப்பட்டு அவளுடைய தவளைத் தோலை எரித்துவிடுகிறான். 'கொஞ்சம் பொறுத்திருந்தால் என்றைக்கும் உன்னுடையவளாக இருந்திருப்பேன்' என்று சொல்லி அவள் மறைந்துபோகிறாள். அதற்குப் பிறகு அவன் நடக்கும் நடைதான் கதை. வழியில் பசி. கரடியைக் குறி வைக்கிறான், அது உயிர்ப்பிச்சை கேட்கிறது, விடுகிறான். ஆண் வாத்து, முயல், கரையில் துடிக்கும் பைக் மீன் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறான். அவளைப் பிடித்து வைத்திருக்கும் கொடிய மாயாவி கொஷ்ச்செயின் உயிர் ஊசி முனையில் இருக்கிறது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி உயர்ந்த ஓக் மரத்தின் மேல். மரத்தைச் சாய்க்கக் கரடி வருகிறது, ஓடும் முயலைப் பிடிக்க முயல் வருகிறது, பறக்கும் வாத்தைப் பிடிக்க வாத்து வருகிறது, கடலில் விழுந்த முட்டையை மீன் கொண்டுவருகிறது. பொறுமையில்லாமல் மனைவியை இழந்தவன், வயிறு காய்ந்தபோது பொறுத்துக்கொண்டதால் அவளை மீட்கிறான். இந்தக் கதையைப் படிக்கும்போது ஒரு தாளில் இடப்பக்கம் அவன் கெடுத்தவற்றையும் வலப்பக்கம் அவன் விட்டுக்கொடுத்தவற்றையும் எழுதிக்கொண்டே வாருங்கள். கதையின் கட்டுமானம் கண்முன் தெரியும்.

'மரியா மொரேவ்னா'வில் இதற்கு நேர்மாறான ஒன்று நடக்கிறது. திறக்கக் கூடாத அறையை இவான் திறக்கிறான். உள்ளே சங்கிலியில் கட்டுண்ட கொஷ்ச்செய் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறான். இரக்கப்பட்டு மூன்று வாளி தண்ணீர் கொடுக்கிறான். பலம் பெற்ற கொஷ்ச்செய் சங்கிலியை அறுத்துக்கொண்டு இவானின் மனைவியையே தூக்கிப் போகிறான். இரக்கம் கெடுதலில் முடிந்ததா? அங்கேயே நிறுத்தாமல் தொடர்ந்து படியுங்கள். மனைவியை மீட்கப் போன இவானைப் பிடிக்கும்போது, 'நீ தண்ணீர் கொடுத்தாய், அதற்காக ஒரு முறை மன்னிக்கிறேன்' என்கிறான் கொஷ்ச்செய். இரண்டாம் முறையும் விடுகிறான். அதற்கு மேல் விடுவதில்லை. கொடியவனிடம்கூட நன்றிக்கடனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்குக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. நான் படித்த நாட்டுப்புறக் கதைகளில் இவ்வளவு நுட்பமான இடம் அதிகம் இல்லை.

பாபா யாகாவின் குடிசையில் நிதானமாக நில்லுங்கள்

கோழிக்கால் மேல் நிற்கும் குடிசை, உரலில் ஏறி உலக்கையால் உந்திப் பறந்து, துடைப்பத்தால் தடயத்தை அழித்துக்கொண்டே போகும் கிழவி. படங்களில் பார்த்துச் சூனியக்காரி என்று முடிவு செய்துவிடுகிறோம். கதைகளில் அவள் அவ்வளவு எளிதில் அடங்க மாட்டாள். விழுங்கவும் பார்ப்பாள், உதவவும் செய்வாள். எது நடக்கும் என்பது வாசலில் வந்து நிற்பவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தது. உயிருள்ளோர் உலகுக்கும் இறந்தோர் உலகுக்கும் நடுவே இருக்கும் காவல் வாசல் அந்தக் குடிசை என்று பிராப் 1946-இல் வந்த இன்னொரு நூலில் வாதிட்டார்.

இளைஞன் போனால் ஒரு மாதிரி. 'எங்கே வந்தாய், எதற்கு வந்தாய்?' என்று அவள் அதட்டுவாள். அவன் நடுங்க மாட்டான். 'முதலில் சாப்பாடு போடு பாட்டி, குளிக்க வெந்நீர் வை, அப்புறம் கேள்வி கேள்' என்பான். கிழவி தணிந்துபோவாள். விருந்தோம்பல் ஒரு கடமை, அதை நினைவூட்டும் உரிமை வழிப்போக்கனுக்கு உண்டு. இந்த நம்பிக்கையின் மேல் அந்த உரையாடல் நிற்கிறது.

பெண் போனால் சோதனை வேறு. வசிலீசாவுக்கு எட்டு வயதாக இருக்கும்போது சாகும் அம்மா ஒரு சிறு பொம்மையைக் கொடுத்து, 'இதற்குச் சாப்பிடக் கொடுத்துவிட்டு உன் கஷ்டத்தைச் சொல்' என்கிறாள். சில நாள் தான் சாப்பிடாமல்கூட நல்ல துண்டு ஒன்றை அவள் பொம்மைக்கு எடுத்து வைக்கிறாள். மாற்றாந்தாயின் மகள்கள் நெருப்பு வாங்கிவர அவளைப் பாபா யாகாவிடம் அனுப்புகிறார்கள். மண்ணில் கலந்த கசகசாவைப் பொறுக்கிப் பிரிப்பது போன்ற முடியாத வேலைகள். பொம்மை சொல்கிறது: 'படுத்துத் தூங்கு, காலைக்கு மாலையைவிட அறிவு அதிகம்.' வேலையெல்லாம் முடிகிறது. கடைசியில் கிழவி கேள்வி கேட்க அனுமதிக்கிறாள். வழியில் கண்ட வெள்ளை, சிவப்பு, கறுப்புக் குதிரைவீரர்களைப் பற்றி மட்டும் வசிலீசா கேட்கிறாள். அவர்கள் பகல், சூரியன், இரவு. வீட்டுக்குள் கண்ட விஷயங்களைக் கேட்கவில்லை. 'வெளியே பார்த்ததை மட்டும் கேட்டாயே, நல்லது. அளவுக்கு மீறித் துருவுகிறவர்களை நான் தின்றுவிடுவேன்' என்கிறாள் கிழவி. எதைக் கேட்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்ற அறிவுக்கு இந்தக் கதை உயிரையே விலையாக வைக்கிறது.

இன்னொரு கதையில் மாற்றாந்தாய் ஒரு சிறுமியைப் பாபா யாகாவிடம் அனுப்புகிறாள். அவள் தன் சொந்த அத்தையிடம் யோசனை கேட்டுவிட்டுப் போகிறாள். கிழவியின் பூனைக்கு இறைச்சித் துண்டு, நாய்களுக்கு ரொட்டி, கதவின் கீலுக்கு எண்ணெய், முகத்தில் அறையும் பிர்ச் மரத்துக்கு ரிப்பன். அவள் தப்பி ஓடும்போது யாருமே தடுப்பதில்லை. கிழவி கத்துகிறாள். பூனை சொல்கிறது: 'இத்தனை காலம் உனக்கு உழைத்தேன், ஒரு எலும்பு கொடுத்ததில்லை, அவள் இறைச்சி கொடுத்தாள்.' நாய்களும் கதவும் மரமும் ஒவ்வொன்றாக அதையே சொல்கின்றன. வீட்டில் வேலை செய்கிறவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்று பிள்ளைகளோடு பேச இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

மனம் ஒப்பாத இடங்களை மறைக்காதீர்கள்

மரோஸ்கோ கதையில், மனைவி சொன்னாள் என்பதற்காக ஒரு தகப்பன் தன் மகளைக் கடுங்குளிரில் காட்டில் விட்டுவிட்டு வருகிறான். பனியின் தலைவன் மரோஸ்கோ மரத்துக்கு மரம் தாவி வந்து, 'கதகதப்பாக இருக்கிறதா பெண்ணே?' என்று கேட்கிறான். பேச்சே வராத நிலையிலும் அவள், 'இருக்கிறது ஐயா' என்கிறாள். அவளுக்குக் கம்பளி உடையும் செல்வமும் கிடைக்கின்றன. பிறகு வந்து திட்டித் தீர்த்த மாற்றாந்தாயின் மகள் உறைந்து சாகிறாள். பணிவின் பெருமை என்று ஒரே வரியில் இதை முடிக்க எனக்கு மனம் வருவதில்லை. மகளை விட்டுவிட்டு வந்த தகப்பனைக் கதை ஒரு வார்த்தைகூடக் கண்டிக்கவில்லை. பிள்ளைகளும் இதைக் கேட்பார்கள். மழுப்பாமல், 'ஆமாம், அவர் செய்தது தப்பு' என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

கணப்பு அடுப்பின் மேல் படுத்தே கிடக்கும் எமெல்யாவின் கதை இன்னொரு சிக்கல். பைக் மீன் ஒன்றைப் பிடித்து விட்டுவிடுகிறான், அது ஒரு மந்திர வாக்கியம் கற்றுக்கொடுக்கிறது. வாளிகள் தாமாகவே நடந்து வருகின்றன, கோடரி தானே விறகு வெட்டுகிறது, அடுப்பே அவனை அரண்மனைக்குச் சுமந்து போகிறது. சோம்பலுக்குப் பரிசா? ரஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861-இல்தான் ஒழிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள் சொல்லிக் கேட்ட கதை இது. தண்ணீர் சுமந்து தோள் நொந்தவர்களின் கனவு என்று படித்தால் அதன் சிரிப்புக்கு அர்த்தம் புரியும்.

யார் எழுதிவைத்தது என்று பாருங்கள்

உங்கள் கையில் இருக்கும் கதை நேரே மக்கள் வாயிலிருந்து வந்ததா, எழுத்தாளர் திருத்தியதா என்பதைப் பொறுத்து நீதியே மாறும். இந்தக் கதைகளை மேலிடம் எப்போதும் விரும்பியதில்லை. 1648-இல் ஜார் அலெக்சேய் மிகாய்லவிச் பிறப்பித்த ஆணை, நடக்காத கதைகளைச் சொல்வதையும் கண்டித்தது. பெரிய அளவில் தொகுப்பு வந்தது 19-ஆம் நூற்றாண்டில். அலெக்சாந்தர் அஃபனாசியெவ் (1826–1871) 1855 முதல் 1863 வரை எட்டுப் பகுதிகளாக ஏறக்குறைய 600 கதைகளை வெளியிட்டார். பெரும்பாலானவை ரஷ்யப் புவியியல் கழகத்தின் சேமிப்பிலிருந்தும் அகராதி ஆசிரியர் விளதீமிர் தால் சேர்த்து வைத்தவற்றிலிருந்தும் வந்தவை. 1862-இல் வேலை பறிபோக, அஃபனாசியெவ் தான் சேர்த்த நூல்களை விற்றுப் பிழைத்து, வறுமையிலும் காசநோயிலும் இறந்தார். இன்று உலகம் முழுவதும் படிக்கும் பாபா யாகாவும் கொஷ்ச்செயும் பெரிதும் அவர் புண்ணியம்.

எழுதும் கை மாறினால் கதை எப்படி மாறும் என்பதற்கு டர்னிப் கதையே உதாரணம். தாத்தா, பாட்டி, பேத்தி, நாய், பூனை, கடைசியில் எலி வந்து இழுத்ததும் கிழங்கு வருகிறது. சின்னவரின் உதவியும் வேண்டும் என்று எல்லாரும் நீதி சொல்வார்கள். அஃபனாசியெவ் அச்சிட்ட, வடக்கே அர்ஹாங்கெல்ஸ்க் பகுதியில் கிடைத்த வடிவத்தில் எலியே கிடையாது. நாய்க்குட்டிக்குப் பிறகு வெறும் கால்கள் ஒவ்வொன்றாக வந்து இழுக்கின்றன! எலி வரும் வடிவத்தைப் பள்ளிப் பிள்ளைகளிடம் பரப்பியவர் கல்வியாளர் உஷின்ஸ்கி.

அதேபோல், பொன்மீனிடம் பேராசைப்பட்டு மேலும் மேலும் கேட்ட கிழவியின் கதை புஷ்கின் 1833-இல் கவிதையாக எழுதியது. அதன் வேர் ஜெர்மானியக் கதையில் இருக்கிறது. அது அற்புதமான படைப்பு. ஆனால் நாட்டுப்புறக் கதைகளோடு ஒன்றாகச் சேர்த்து ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்ட நூல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் நம் ஊர்களில் விற்றது. பழைய புத்தகக் கடைகளில் அவை இன்னும் கிடைக்கலாம். படம் உள்ள பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். இவான் பிலிபின் (1876–1942) வரைந்த படங்களின் ஓரச் சட்டங்களைக்கூட உற்றுப் பாருங்கள். ரஷ்ய வடபுலத்தின் மரச்செதுக்கும் பூவேலையும் அவற்றில் இருக்கின்றன.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது

வாய்விட்டுச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வரும் வரிகளை வெட்டாதீர்கள். மூன்றாம் முறை பிள்ளைகளே கூடச் சொல்வார்கள். 'குடிசையே குடிசையே, காட்டுக்கு முதுகைக் காட்டு, எனக்கு முகத்தைக் காட்டு' என்ற வரியை அவர்களிடமே விட்டுவிடுங்கள். முடிவில் வரும் 'நானும் அங்கே இருந்தேன், தேனும் பீரும் குடித்தேன், மீசையில் வழிந்தது, வாய்க்குள் போகவில்லை' என்ற வழக்கமான வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதை முடிந்தது என்று அறிவிக்கும் மணி அது.

முடிந்ததும் 'இதன் நீதி என்ன?' என்று கேட்க வேண்டாம். 'அந்தக் கதவு ஏன் திறந்துவிட்டது?', 'இவான் கூண்டைத் தொடாமல் வந்திருந்தால்?', 'நீயாக இருந்தால் கிழவியிடம் எதைக் கேட்டிருப்பாய்?' என்று கேளுங்கள். ஐந்து வயதுக்குக் கொலபோக்கும் டர்னிப்பும் போதும். மண்டை ஓடுகள் நட்ட வேலி வரும் வசிலீசாவைக் குழந்தையின் தைரியம் பார்த்துச் சொல்லுங்கள். அஃபனாசியெவின் பெரிய தொகுப்பு குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டதல்ல. அவர்களுக்கென்று 1870-இல் அவரே தனியாக ஒரு தேர்வை வெளியிட்டார்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. 'ரஷ்யக் கதைகள்' என்று நம்மிடம் புழங்கும் பழைய தொகுப்புகள் சிலவற்றில் உக்ரைன், ஜார்ஜியா, மத்திய ஆசியா போன்ற பிற மக்களின் கதைகளும் கலந்திருக்கும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் எந்த மக்களின் கதை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாயக் கதைகளில் பழகிய பிறகு, இல்யா மூரமெத்ஸ், தப்ரீன்யா நிக்கீதிச் போன்ற வீரர்களைப் பாடும் பழைய வாய்மொழிக் காவியப் பாடல்களுக்குப் போகலாம்.